தோணி வயிற்று லாரி

அவர் தரையில் கால் பதித்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டீக்கடை பெஞ்சோ, எங்கள் கம்பெனி ஆபீஸின் மடக்கு நாற்காலியோ, உட்கார்ந்த மறுநொடி இரண்டு பாதங்களும் தாமாக எழும்பிக் குறுக்குக் கட்டையில் போய் ஏறிக்கொள்ளும். ஏற இடமில்லாத முக்காலி என்றால் அந்தரத்தில் தொங்கும். பெருவிரல் மட்டும் ஏதோ தாளம் போடும். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் இதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். சின்ன வயதில் பூரான் கடித்திருக்கிறது என்றார் டீ மாஸ்டர். வெளிநாட்டுக் காசு பார்த்த திமிர் என்றார் எதிர் ஷெட்காரர். எங்கள் பேக்கிங் ரூம் மேஸ்திரி அக்கா ஒருத்திதான் நேரே போய்க் கேட்டாள்.

"ஏன் பாய், தரை என்னா சுடுதா?"

"சுடலம்மா. தூக்கி அடிக்கும்."

"எது? விருத்தாசலத்துத் தரையா?"

"எந்தத் தரையா இருந்தா என்னா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் அவருடைய பாதிச் சிரிப்பு வெளியே வரும்.

மங்கலம்பேட்டைக்காரர். லாரிக்கு பாடி கட்டுகிறவர். உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஒரு தகர ஷெட், இரண்டு வெல்டிங் செட்டு, எப்போதும் ஒரு பழைய லாரி. பெயர் இருந்தது, நாங்கள் யாரும் அதைச் செலவழித்ததில்லை. "பாய்" என்று கூப்பிட்டால் அந்த ரோட்டில் நாலு பேர் திரும்புவார்கள்; ஐந்தாவதாக லாரிக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வரும். அது அவர்.

பாய் வெளிநாடு போனபோது வளைகுடாவில் சண்டை முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அங்கே மணலுக்குள் கண்ணிவெடிகள் மிச்சம் கிடந்தன. அவற்றின் மேல் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போக வண்டி வேண்டும். நம் கடைத்தெருவில் நெல் மூட்டை ஏற்றுகிற அதே மாதிரிச் சரக்கு லாரியின் சேஸை, அதாவது அடிச்சட்டத்தை, எடுத்து, மேலே உள்ளதையெல்லாம் கழற்றி வீசிவிட்டு, தடித்த எஃகுத் தகட்டில் ஒரு கூண்டு கட்டுவார்களாம். கூண்டின் வயிறு தட்டையாக இருக்காது. தோணியின் அடிப்பக்கம் போல நடுவில் கூராக இறங்கும். பாய் அதைச் சொல்லும்போது இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, விரல்நுனி கீழே பார்க்கப் பிடித்துக் காட்டுவார். கும்பிடு ஒன்று தலைகீழாக நிற்கிற மாதிரி இருக்கும். கீழே வெடித்தால் அந்த வேகம் கூரில் மோதி இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். அந்த வயிறுகளைப் பற்றவைத்துத்தான் பாய் தன் வெளிநாட்டு வருஷங்களைக் கழித்தார்.

"சக்கரம் போயிடும். அச்சு போயிடும். ஒரு ஒரு நேரம் என்ஜினே தனியா போயி வுழும். உள்ள இருக்கறவன் காது அடைச்சிப்போயி, கண்டபடி திட்டிக்கிட்டே எறங்கி நடந்து வருவான். அதாம்மா வண்டி."

"அவ்ளோ பெரிய வண்டி வீணாப் போயிடுமே பாய்?" என்றேன்.

"வீணாப் போறதுக்குன்னே செய்யறது!"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தை வேறு எந்த மெக்கானிக் முகத்திலும் நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கெல்லாம் வண்டி தப்பிக்க வேண்டும், லோடு தப்பிக்க வேண்டும். இவருக்கு எது போனாலும் கவலையில்லை, உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும் தப்பித்தால் போதும். கட்டிய வண்டி எங்கேயாவது மோதிவிட்டது என்று சேதி வந்தால், "எது போச்சி?" என்று ஆவலாகக் கேட்பார். பம்பர் சுருண்டு டிரைவர் காயமில்லாமல் வந்தார் என்றால் அன்றைக்கு ஷெட்டில் எல்லோருக்கும் வடை.

பஸ்ஸில் இவரோடு போவது தண்டனை. மங்கலம்பேட்டை பஸ்ஸில் ஒருமுறை நானும் இருந்தேன். ஏறியவுடன் உட்காரவில்லை. குனிந்து சீட்டுக்கு அடியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி சீட்டுக்குக் கீழே ஜாக்கி ஒன்று சும்மா உருண்டுகொண்டிருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாய், அது பஸ்ஸு ஜாக்கி. கீழ போடுங்க" என்றார் கண்டக்டர்.

"கட்டி வெக்கறதா இருந்தா போடறேன்."

"அது பத்து வருஷமா அங்கதான் கெடக்குது. யாரையாவது கடிச்சிதா?"

"பஸ்ஸு ஒருதரம் மொகம் குப்புற நின்னா இது மட்டும் நிக்காதுங்க. நேரா உங்க பொடனிக்குத்தான் வரும். அதுக்கு உங்களத்தான் தெரியும்."

கண்டக்டர் பிடரியைத் தடவிக்கொண்டார். விருத்தாசலம் வரும்வரை ஜாக்கி குழந்தைபோல பாய் மடியிலேயே வந்தது.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்தது ஒரு விபத்தால். நான் நல்லூர்ப் பக்கத்துப் பெண். பீங்கான் கம்பெனியில் பேக்கிங். கோப்பைக்கும் கோப்பைக்கும் நடுவே வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடுக்கிக் கட்டுவது வேலை. காலைச் சிஃப்டுக்குச் சரியாக எங்கள் பக்கத்திலிருந்து பஸ் கிடையாது. அதனால் கம்பெனி லாரியே வரும். மூடாத லாரி. பின்னால் இருபத்திரண்டு பெண்கள், நடுவில் டிரம், மூட்டை என்று கம்பெனிக்குப் போகிற ஏதாவது சாமான். ஒருநாள் மதகுத் திருப்பத்தில் ரோட்டோர மண் சரிந்து லாரி நெல்வயலில் சாய்ந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்குக் கை முறிந்தது. எனக்கு நெற்றியில் நாலு தையல்.

அன்று மாலை என் அப்பா வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே வாணாம். கை கால ஒடச்சிக்கிட்டு வந்து நின்னா யாரு பாக்கறது? கடலக் கொல்லயில வேல இல்லயா?"

மற்ற வீடுகளிலும் அதே பேச்சு. ஒழுங்கான வண்டி வந்தாலொழிய எந்தப் பெண்ணும் ஊரைத் தாண்டக் கூடாது என்று ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு அப்போது இருபது வயது. கம்பெனி என்றால் எனக்கு வெறும் வேலையில்லை. ஜங்ஷனில் ரயில் கத்துவது கேட்கும், மேஸ்திரி அக்காவின் கெட்ட ஜோக்குகள், சூளை பிரிக்கும் நாளில் வெள்ளை வெள்ளையாக வெளியே வருகிற சாமான்கள், என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிற முப்பது பேர். அது போனால் கொல்லைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதைதான் மிச்சம்.

முதலாளி பாயை வரவழைத்தார். தையல் போட்ட தலையோடு நாங்களும் விடுப்புக் கணக்குப் பேச வந்திருந்தோம். பாய் சாய்ந்த லாரியின் பக்கமே போகவில்லை. முற்றத்தில் வெள்ளைக் களிமண் பொடியைத் தூவி லாரி அளவுக்கு ஒரு நீளப் பெட்டி வரைந்தார்.

"அன்னிக்கி எப்பிடி உக்காந்திருந்தீங்களோ அப்பிடியே உக்காருங்கம்மா."

கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தோம். கை முறிந்த இரண்டு பேரும் கட்டோடு வந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் குந்தி, யாருக்கு எது பட்டது என்று கேட்டார். "டிரம்மு." "எனக்கும் டிரம்முதான்." "இவ தல." "மேஸ்திரி அக்கா முழங்கை." "சாப்பாட்டுத் தூக்கு." "எனக்கு இவ சாப்பாட்டுத் தூக்கு." கேட்கக் கேட்க அவர் தலையை ஆட்டினார். கடைசியில் எழுந்து முதலாளியிடம் சொன்னார்:

"மொதலாளி, இருவத்திரண்டு பேருல ஒருத்தருக்குக்கூட லாரி அடிக்கலைங்க. இவங்களுக்குள்ளயே அடிச்சிக்கிட்டாங்க."

எல்லோரும் சிரித்துவிட்டோம். கை முறிந்தவளும் சிரித்து, வலித்து, திட்டினாள். விபத்துக்குப் பிறகு நாங்கள் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வண்டி கட்டுகிற வேலை ஆரம்பித்தது. அது முடியும்வரை மட்டும் நாங்கள் பகல் பஸ்ஸில் வந்து அரைச் சிஃப்டு பார்க்க, முதலாளி எங்கள் வீடுகளில் பேசித் தவணை வாங்கியிருந்தார். கம்பெனியில் கிடந்த பழைய லாரி ஒன்றை மொட்டையாக்கி, சேஸை மட்டும் வைத்துக்கொண்டார். இடையிடையே எங்கள் பேக்கிங் ரூமுக்கு வந்து, வைக்கோல் திணிப்பதைக் கண்கொட்டாமல் பார்ப்பார். "கோப்பய கோப்பயோட பேசவுடாம வெக்கறீங்க. அதான் விசயமே" என்பார். ஒருநாள் நாங்கள் அடுக்கிக்கொண்டிருந்த பீங்கான் பியூஸ் கட்டை ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இதுல கம்பி எவ்ளோ மெல்லிசு பாத்தியா தங்கச்சி? எரிஞ்சி போவணும்னே போடறது. அது போனாத்தான் வூடு நிக்கும்."

"தெரியும் பாய். எங்க வூட்டுல வாரத்துக்கு ரெண்டு தரம் போவுது."

"போவட்டும்! நல்ல பியூஸு!"

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு பார்த்த லாரி டிரைவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பிரசங்கம் செய்ததாகக் கேள்வி.

வண்டியின் உள்பக்கம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. இருக்கைகள் தரையில் நிற்கவில்லை. கூரையிலிருந்து கம்பியில் தொங்கின. நடுவில் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல, பக்கத்துக்குப் பதினொன்று. கீழே வெடித்தால் தரை காலைத் தூக்கி அடிக்காமலிருக்க, கால் வைக்கத் தனிக் கட்டை. தரைக்கும் அதற்கும் அரை முழம் இடைவெளி. தூக்குகளை மாட்ட மூடியுள்ள கொக்கிகள். ஒவ்வொரு இருக்கைக்கும் தோளிலும் இடுப்பிலும் வந்து சேருகிற தடித்த நாடா, நடுவில் ஓர் இரும்புப் பூட்டு. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் நாலு நாடாவும் ஒன்றாகத் தெறித்து விழும்.

பின்பக்கம் அகலமாக ஒரே கதவு. அடியில், கூராக, அந்த வயிறு.

"இங்க ஏது பாய் கண்ணிவெடி?" என்றேன்.

தலையைச் சொறிந்தார். "இல்லதான். வயிறு இல்லாம கட்டவே கை வர மாட்டங்குதும்மா."

ஷெட்டைச் சுற்றி ஓட்டிப் பார்க்க ஒருநாள் எங்கள் எல்லோரையும் ஏற்றினார். இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, "தட்டுங்க, எறங்குங்க!" என்றார். யாரும் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. ஒரு தட்டில் திறக்கிற பூட்டை நாங்கள் நம்பவில்லை. அதற்கு மேல் அவரவர் நாடாவை இழுத்து, பெட்டி கட்டுகிற பழக்கத்தில், பேக்கிங் முடிச்சுப் போட்டிருந்தோம். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, உள்ளே செருகல். கோப்பைப் பெட்டி ரயிலில் எவ்வளவு தூரம் போனாலும் அவிழாத முடிச்சு. இருபத்திரண்டு பேரும். கடைசியில் வைக்கோல் அறுக்கும் கத்தியைக் கொண்டுவந்துதான் எங்களை வெட்டி எடுத்தார்கள். இறங்கி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பாய் சிரிக்கவில்லை. அறுந்த நாடாக்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அங்க ஒருத்தன்" என்றார். "வெடிச்சதுல ஒரு கீறல் இல்ல. அப்பறம் வண்டி தீப்புடிச்சிக்கிச்சி. பெல்ட்டு கழட்ட வரல. மத்தவங்க எறங்கிட்டாங்க." அறுந்த நுனியைத் தடவிக்கொண்டே, "அந்தப் பூட்ட வெல்டிங் பண்ணவன் நான்" என்றார்.

எங்கள் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவ்வளவு நாளும் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் இது இருந்திருக்கிறது. மேஸ்திரி அக்கா அந்த நாடாக்களை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"புது நாடா போடு பாய். ஒரு வாரத்துல பாரு எங்க கைய."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் போட்டி. கண்ணை மூடிக்கொண்டு தட்ட வேண்டும். இடக்கையால் தட்ட வேண்டும். தூக்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும். முடிச்சுப் போட்டவளுக்குத் தண்டனை, மற்ற எல்லோருடைய சட்டியையும் கழுவுவது. மூன்றே நாளில் ஷெட் முழுக்க டக் டக்கென்று சத்தம். பாய் கால்களைத் தூக்கிக் கட்டையில் வைத்துக்கொண்டு எண்ணுவார். பெருவிரல் மறுபடி தாளம் போட ஆரம்பித்தது.

எஃப்சி காட்டுகிற நாள் வந்தது. அந்தச் சான்று கிடைக்காமல் வண்டி ரோட்டில் ஏற முடியாது; அது ஏறாவிட்டால் நாங்களும் ஏற முடியாது. சும்மா இருக்க முடியாமல் எட்டுப் பேர் வண்டி சோதிக்கிற மைதானத்துக்கே போய்விட்டோம். பிரேக் இன்ஸ்பெக்டர் நெட்டையான மனிதர். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"என்னா பாய், விருத்தாசலத்துல யுத்தம் ஏதாவது நடக்குதா?"

"இல்லைங்க சார். பொம்பளப் புள்ளைங்க வேலைக்கிப் போறாங்க."

"கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்று மேஸ்திரி அக்கா முணுமுணுத்தாள்.

இன்ஸ்பெக்டர் காக்கிச் சட்டையோடு படுத்து அடியில் நுழைந்தார். பாயும் நுழைந்தார். வெளியே நாலு கால்கள் மட்டும் தெரிந்தன. அவற்றின் அசைவைப் பார்த்தே உள்ளே நடப்பதை ஊகித்தோம். தகட்டை ஒரு விரல் முட்டி தட்டுகிற சத்தம். பிறகு இன்ஸ்பெக்டரின் குரல்.

"எடைச் சீட்டப் பாத்தீங்களா?"

"பாத்தங்க."

"இந்தத் தகடோட இருவத்திரண்டு பேர ஏத்திக்கிட்டு, ஆத்துப் பாலத்து எறக்கத்துல பிரேக்கப் புடிச்சா எங்க போயி நிக்கும்?"

விரல் முட்டி தகட்டை இன்னொரு முறை தட்டியது.

"வெடிச்சா பொழச்சிக்குவாங்க, சரி. அது என்னிக்கும் வெடிக்கப் போறதில்ல. எறக்கம் தெனமும் இருக்குதே பாய்."

பாயின் பெருவிரல்கள் நின்றுவிட்டன. என் காலடியில் கடலைக் கொல்லையின் ஈரம் ஏறுவது போலிருந்தது. அப்புறம் அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, அந்தப் பல் இடைவெளி வழியாக.

"நான் ஒருத்தந்தான் சார் இன்னும் அங்கேயே நின்னுக்கிட்டிருக்கறன். வெட்டிடறன்."

அன்று மத்தியானமே கேஸ் கட்டரை எடுத்தார். அவர் மிக அழகாகப் பற்றவைத்த வயிறு அது. பற்றின இடத்தில் வெள்ளிச் சரிகை மாதிரி ஓடும். அதன் மேலேயே தீயை வைத்து, ஓரம் ஓரமாக அறுத்துக்கொண்டே போனார். "பாய், வருத்தமா இல்லயா?" என்று கேட்டேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எது போவணுமோ அது போவுது தங்கச்சி. இது நல்ல வண்டி." தகடு தரையில் விழுந்த சத்தத்தில் டீக்கடை கிளாஸ்கள் ஆடின. டீ மாஸ்டர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ச் சாக்கடை மேல் போட்டார். மறுநாள் வண்டிக்குச் சான்று கிடைத்தது. இருக்கையும் நாடாவும் பூட்டும் அப்படியே இருந்தன. அவற்றை இன்ஸ்பெக்டர் எங்களைத் தட்டிக் காட்டச் சொல்லி, ஐந்தாவது தட்டில், "போதும்மா, போதும்" என்றாராம் என்று மேஸ்திரி அக்கா ஊரெல்லாம் சொன்னாள். அது பொய். மூன்றாவது தட்டிலேயே சொல்லிவிட்டார்.

அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாயே வண்டியை எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு ஓட்டி வந்தார். ஆண்கள் கூடி நின்று பார்த்தார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"பாக்க சோக்காதான் இருக்குது. கவுந்தா?"

பாய் சத்தியம் எதுவும் செய்யவில்லை. "கவுத்துப் பாக்கலாமாண்ணே?" என்றார்.

"என்னாது?"

"ஏறுங்கண்ணே. உங்க கேள்விக்கி நான் வாயால சொன்னா நம்பக்கூடாது. நானும் வரேன்ல."

இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த ஆண்பிள்ளை மாட்டேன் என்பான்? எட்டுப் பேர் ஏறினார்கள். மேஸ்திரி அக்கா உள்ளே போய் ஒவ்வொருவருக்கும் நாடாவை மாட்டி, "முடிச்சிப் போட்டீங்க, சட்டி கழுவணும்" என்று மிரட்டிவிட்டு இறங்கினாள். வண்டி கரைமேல் மெதுவாகப் போனது. பாய் சட்டென்று இடப்பக்கம் ஒடித்தார். இடது சக்கரங்கள் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்க, மொத்த வண்டியும் ஒருக்களித்து எதிர்க்கரைமேல் தடாலென்று சாய்ந்தது. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். புழுதி அடங்கியபோது வலது சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தோம். ஒரு பக்கத்து நாலு பேர் மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். மறுபக்கத்து நாலு பேர் குப்புறத் தொங்கினார்கள். அப்பா அந்தப் பக்கம். கம்பியில் இப்படியும் அப்படியும் ஆடியபடி, கீழே வாய்க்கால் மண்ணில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போலிருந்தார்.

"தட்டுப்பா!" என்று கத்தினேன். "நடுவுல, ஒரே தட்டு! கம்பியப் புடிச்சிக்கிட்டுத் தட்டு!"

டக். டக். டக். ஒவ்வொருவராக ஊர்ந்து பின்கதவு வழியாக வெளியே வந்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். கை காலைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்பதே அவமானம் மாதிரி ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா கடைசியாக வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"நாளைக்கி எத்தினி மணிக்கி வருதாம் வண்டி?"

பதில் டிரைவர் சீட்டிலிருந்து வந்தது. பாய் இன்னும் இறங்கவில்லை. பெல்ட்டில் பக்கவாட்டில் தொங்கியபடி, சந்தோஷத்தில் முகமெல்லாம் புழுதியாக, ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினார்.

"ஆறேகாலுக்குண்ணே. ஆளுக்கொரு கை குடுத்து இத நிமித்தி வுட்டீங்கன்னா."

அப்பா துண்டை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வண்டிக்குத் தோள் கொடுக்கக் குனிந்தார்.